கேப்டன் வீரபாகுவின் முப்பதாயிரம் மணி நேரம்

கோவில்பட்டி குருசாமி வீட்டில் அன்று மூன்றாவது தோசைக்கல் உடைந்தது. இரும்புக் கல் எப்படி உடையும் என்று கேட்பவர்கள் அந்த வீட்டுச் சண்டையைப் பார்த்ததில்லை. எதிர்வீட்டுப் பூனை அந்தச் சத்தத்துக்குப் பயந்து சைவமாகிவிட்டது.

மகள் செண்பகவல்லி விமானி ஆவது என்று முடிவாகிவிட்டது. எந்த வழியாக ஆவது என்பதில்தான் தகராறு.

"மூணே வாரம்!" என்று கத்தினார் குருசாமி. கடலைமிட்டாய் ஆலை வைத்திருந்தாலும் பாகு பதத்துக்கு வரும்வரை நிற்கப் பொறுமை இல்லாதவர். "பறப்புப் பள்ளியில போய்த் தலையை நீட்டினா, மூணு வாரத்துல தோள்ல கோடு. காலேஜுல நாலு வருஷம் என்னத்தக் கிழிக்கப் போறா? காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னா?"

"ஆமா, அதைத்தான் படிக்கணும். கடன் வாங்கின மூளையை வச்சுக்கிட்டு வானத்துல போவாளாம். பொம்மை வித்தை!" என்றார் மனைவி தெய்வானை.

தெய்வானை டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷமாக இயற்பியல் நடத்துபவர். இயற்பியல் நடத்தியதைவிடத் தப்புக் கண்டுபிடித்ததுதான் அதிகம். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளைச் சிவப்பு மையால் திருத்தி, மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவார். எமனே ஓலையோடு வந்தாலும் அதில் நாலு பிழை சுழித்து, மறுபடி எழுதி வரச் சொல்லிவிடுவார் என்று ஊரே நம்பியது. அவருடைய ஆயுள் கெட்டி என்பதற்கு அதுதான் காரணம்.

அவர் 'பொம்மை வித்தை' என்று சொன்னது பட்டறிவூட்டியை. அழகுநிலையத்தில் முடி உலர்த்தும் தொப்பி மாதிரி இருக்கும் அது. ஒருவர் ஆயுள் முழுக்கப் பழகிய தொழிலை இன்னொருவர் தலைக்குள் இறக்கிவிடும். அந்தத் தொப்பி வந்தபின் பல் மருத்துவரிலிருந்து பரோட்டா மாஸ்டர் வரை எல்லோரும் சில வாரங்களில் தயாரானார்கள். தானோட்டி விமானங்களைத் திருடர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கடத்திக்கொண்டுபோனதால், விமானத்தில் இரண்டு மனிதர்கள் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஆகவே விமானிகளுக்கு அப்படியொரு கிராக்கி.

பறப்புப் பள்ளிகள் அத்தனையும் வாங்கி வைத்திருந்தது ஒரே ஆளின் அனுபவத்தை. ஓய்வுபெற்ற கேப்டன் வீரபாகு. முப்பதாயிரம் மணி நேரம் பறந்தவர், ஒரு கீறல் கிடையாது. கல்லூரிக்காரர்களோ தொப்பியைத் தொடமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தார்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரத்தையும் சொந்தக் கையால் பறந்து, சொந்த வயிற்றால் வாந்தி எடுக்க வேண்டும்.

"நீ சொல்லுட்டி. நாலு வருஷமா, மூணு வாரமா?" என்றார் தெய்வானை.

செண்பகம் பதில் சொல்வதற்குள், "உட்காரும்போது முதுகை வளைக்காத. தப்பு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

செண்பகத்துக்கு விமானத்தில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். கேப்டனுடைய இடது இருக்கை. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரும் அந்த இடத்துக்கு 'தப்பு' என்ற அம்மாவின் சொல் ஏறி வராது. பிறந்ததிலிருந்து அவள் தேடிய இடம் அது. அதற்காக இன்னும் நாலு வருஷம் இந்த வீட்டில் இருப்பதா?

"மூணு வாரம்" என்றாள்.

நான்காவது தோசைக்கல்லும் போயிற்று.

மூன்று வாரம் கழித்து வந்தவள் வாசலில் நின்றபடியே அப்பாவைப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்தாள். அறுபது வயசுக் கனைப்பு.

"வே குருசாமி! சட்டைப் பொத்தானைப் போடும். இது வீடா, மாட்டுச் சந்தையா?"

குருசாமிக்குக் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. தெய்வானை வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் பக்கம் திரும்பினாள் செண்பகம்.

"என்னம்மா இளிப்பு? காப்பி எங்க? ஆறின காப்பி கொண்டுவந்தா ஜன்னல் வழியா வீசிருவேன்."

பள்ளியில் சொல்லாமல் விட்ட விஷயம் இதுதான். வீரபாகுவின் கைகள் தனியாக வருவதில்லை, நாக்கும் சேர்ந்தே வரும். அவரோடு பறந்த துணை விமானிகளில் பாதிப்பேர் சாமியாராகப் போய்விட்டார்கள். மீதிப்பேர் அவரைவிட அமைதியான இடம் வேண்டுமென்று அரசியலில் சேர்ந்துவிட்டார்கள். அந்த முப்பதாயிரம் மணி நேரத்தில் அவர் பக்கத்து இருக்கையின் பேச்சை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முதல் பயணம், சென்னையிலிருந்து மதுரைக்கு, மாலை விமானம். அப்பாவும் அம்மாவும் பயணிகளாக ஏறினார்கள். பெருமைப்பட அப்பா, குறை கண்டுபிடிக்க அம்மா.

விமானி அறைக்குள் இன்னொருவன் முன்னமே வந்து நின்றிருந்தான். இளையரசனேந்தல் கிருபாகரன், செண்பகத்தோடு பிளஸ் டூ படித்தவன். அதே பறப்புப் பள்ளி. அவனும் தொண்டையைக் கனைத்தான். அதே கனைப்பு.

"வலது பக்கம் போய் உட்காரும் வே" என்றான்.

"யாரைப் பார்த்துடா வலது பக்கம்? நான் வானத்துல ஏறும்போது நீ பொறக்கவே இல்ல!" என்றாள் செண்பகம்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்!"

இரண்டு வீரபாகுகளும் முறைத்துக்கொண்டார்கள். நிலைய அதிகாரி ஓடிவந்து பூவா தலையா போட்டுப் பார்க்கச் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் "தலை!" என்றார்கள். வீரபாகு ஆயுளில் பூ கேட்டதில்லை. எட்டு முறை சுண்டியும் அதே கதைதான். கடைசியில் செண்பகம் முழங்கையால் ஓர் இடி இடித்து இடது இருக்கையில் விழுந்தாள். அந்த இடியும் வீரபாகுவிடமிருந்து வந்ததுதான். கிருபாகரனுக்கு அது வரப்போவது தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

விழுப்புரம் வரை குளிர்சாதனத்துக்காகச் சண்டை. திருச்சி வரை பரம்பரையை இழுத்துச் சண்டை. அவன் அவளை 'மூதி' என்றான். அவள் அவனைச் சொன்னதை இங்கே அச்சிட்டால் தாளே கருகிவிடும்.

மதுரை நெருங்கியது. கீழே நீளமாக இரண்டு வரிசை விளக்குகள். அந்த நொடியில் ஓர் அதிசயம் நடந்தது. இரண்டு பேரும் அமைதியானார்கள்.

"அதோ ஓடுபாதை" என்றாள் அவள்.

"அதேதான்" என்றான் அவன்.

புறப்பட்டதிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அது தவறு. வீரபாகுவின் காலத்து விமான நிலையம் எட்டு வருஷத்துக்கு முன்பே பேருந்து நிலையமாக மாறியிருந்தது. புதியது திருமங்கலத்துக்குத் தெற்கே. வழிகாட்டித் திரை அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. "இந்தப் பெட்டி எனக்குச் சொல்லித்தருதா?" என்று இருவரும் சேர்ந்தே அதை அணைத்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் அலறியது. வீரபாகுவுக்குக் கோபுரத்தின் ஒலியைக் குறைத்து வைப்பது பழக்கம். குறைத்தார்கள். ஒருவர் தவறினால் மற்றவர் சொல்லவேண்டும் என்றுதான் சட்டம் இரண்டு பேரைக் கேட்டது. இங்கே இருந்ததோ ஒரே ஆள், இரண்டு உடம்பில்.

சக்கரங்கள் இறங்கின. ஜன்னலோரம் இருந்த தெய்வானை டீச்சர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக் கீழே பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்தார். பணிப்பெண்ணின் கையிலிருந்த உள்பேசியைப் பிடுங்கினார்.

"ஏட்டி! தப்பு! முழுத் தப்பு! அது பஸ் ஸ்டாண்டு! தூக்குட்டி மேல!"

வீரபாகு யார் பேச்சையும் கேட்காதவர்தான். ஆனால் அந்தக் குரல் செண்பகத்துக்குள் வீரபாகுவுக்கும் முன்னால் குடியேறிய குரல். அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. கை நெம்புகோலைப் பின்னால் இழுத்தது. ராஜபாளையம் பேருந்தின் கூரையை உரசாத குறையாக விமானம் எழும்பியது. கீழே நடத்துநர் ஒருவர் "ரைட், ரைட்!" என்று விசில் கொடுத்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. தெய்வானை டீச்சர் சாட்சி சொல்ல வந்து, விசாரணை அறிக்கையில் பதினாறு பிழைகளைத் திருத்திவிட்டுப் போனார். முடிவாகப் புதிய விதி வந்தது: இடது இருக்கையில் பறப்புப் பள்ளி விமானி, வலது இருக்கையில் 'தப்பு' என்று சொல்லத் தெரிந்த கல்லூரி விமானி.

கல்லூரிகளுக்கு அடித்தது யோகம். ஒரே மாதத்தில் விமான நிறுவனங்கள் ஆறாயிரம் பேரைக் கேட்டன. இருந்ததோ நாற்பத்தொரு பேர். ஒருவனை நாலு வருஷம் தடுமாறவிட்டு, பயப்படவிட்டு, தன்னையே சந்தேகப்படப் பழக்கினால்தான் அப்படி ஒருவன் உருவாவான். அதற்கு யாருக்குப் பொறுமை? கல்லூரித் தலைவர் யோசித்தார். கொள்கையை மடித்துப் பரணில் போட்டார். பட்டறிவூட்டி ஒன்றை வாங்கினார். பிறகு, தமிழ்நாட்டிலேயே அதிகம் 'தப்பு' சொன்ன ஆளைத் தேடிக் கோவில்பட்டிக்குக் கார் அனுப்பினார்.

"பொம்மை வித்தைன்னு சொன்னியே?" என்றார் குருசாமி.

"அது மத்தவங்க மூளை. இது என் மூளை. பேராசிரியர்னு பட்டம் வேற குடுக்காங்க" என்று சொல்லித் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டார் தெய்வானை. தொழில்நுட்ப ஆளிடம், "கோணலா இருக்கு, சரி பண்ணு" என்றும் சொன்னார்.

ஆறு மாதத்தில் வானம் முழுக்க விதிப்படி நிரம்பியது. இடது பக்கம் வீரபாகு, வலது பக்கம் தெய்வானை. விபத்து சுத்தமாக நின்றுவிட்டது. விமானி அறையிலிருந்து கத்தல் கேட்டால்தான் பயணிகளுக்குத் தூக்கமே வந்தது. கொஞ்சம் சத்தம் அடங்கினாலும் பிள்ளைகள் வீறிட்டு அழுதன. குருசாமி மட்டும் எங்கே போனாலும் ரயில்தான். "வீட்ல ஒண்ணு போதும்யா" என்பார்.

இடது இருக்கையில் உட்கார்ந்து வார்ப்பட்டையை மாட்டினாள் செண்பகம். கதவு பூட்டியிருந்தது. வெளியே, அவள் பிறந்ததிலிருந்து ஆசைப்பட்ட வானம். கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது இருக்கையில் புதிதாக வந்தவன் உட்கார்ந்தான். ஆறடி உயரம், கடா மீசை, சாத்தான்குளம் அந்தோணிதுரை. அவனை அவள் முன்பின் பார்த்ததே இல்லை. அவன் மூக்கில் இல்லாத கண்ணாடியை விரலால் உயர்த்திவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"அங்க என்னட்டி வேடிக்கை?" என்றது மீசை. "முதுகை நிமித்தி உட்காரு."