வராதவர்களுக்கு ஒரு வட்டம்

சென் ஜேம்ஸ் ரவுணின் உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி, அந்தப் பழைய செங்கல் வீடு இருந்தது. ஜனவரி மாதத்துத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கோணேஸ்வரி அதன் வாசலில் நின்று பூட்ஸில் அப்பியிருந்த பனியையும் உப்பையும் உதறினாள். டோர்செட் பார்க்கிலிருந்து பஸ், சப்வே, ஸ்ரீற்கார் என்று மூன்று மாறி வந்த களைப்பு. ஐம்பத்து மூன்று வயதில் களைப்பு வேலைக்குப் பிறகு வருவதில்லை, வேலைக்குக் கூடவே வருகிறது.

பழைய ஆவணங்களை ஸ்கான் பண்ணிக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிற ஒரு சின்னக் கொம்பனியில் அவளுக்கு வேலை. இந்த வீட்டுக்காரர் ஓர் அமெரிக்கர். வியட்நாம் சண்டைக்கு ஆள் எடுத்த காலத்தில் மாட்டேன் என்று எல்லை தாண்டிக் கனடாவுக்கு ஓடி வந்தவர். அப்படி வந்த மனிதர், மிச்சம் ஐம்பது வருடமும் சண்டைக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்திருக்கிறார். என்ன குடைச்சலோ, யார் கண்டது. போன வருடம் அவர் கண்ணை மூட, பிள்ளைகள் வீட்டை விற்குமுன் பட்டியல்களை எல்லாம் அமெரிக்காவில் ஒரு மியூசியத்துக்குக் கொடுத்துவிட நினைத்தார்கள். தளபாடங்கள் ஏற்கெனவே போய்விட்டன. மேலே வெறும் மரத்தரை. கீழே பேஸ்மென்ரில் பெட்டிகளும் ஒரு நீட்டு மேசையும் மட்டும் மிச்சம்.

கூட வேலை செய்கிற றெபேக்கா முதலே வந்திருந்தாள். நாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், இப்போது முப்பத்தைந்து. ஸ்கான் பண்ணக் கொடுத்தால் ஸ்கான் பண்ணுவதோடு நிற்கமாட்டாள், முழுவதையும் வாசித்தும் விடுவாள்.

"அக்கா, உந்த அமெரிக்கருக்கு இருநூறு வருசத்துக்கு முந்தி ஒழுங்கான ஆமியே இல்லை," என்றாள். "ஆமி எண்டு ஒண்டை வச்சிருந்தா, அது ஒருநாளைக்குத் தங்களுக்கே துவக்கை நீட்டும் எண்டு பயம். அதால ஊர்ச்சனம்தான் படை. பதினாறிலயிருந்து அறுபது வயசு மட்டும் ஆம்பிளையள் எல்லாரும். கமக்காரன், கொல்லன், செருப்புத் தைக்கிறவன், எல்லாரும் தன்ர தன்ர துவக்கோட வந்து வரிசையில நிக்கோணும். கப்டனைக்கூடத் தாங்களேதான் தெரிவு செய்யிறது."

"வராட்டி?"

"இந்தப் புத்தகத்தைப் பாருங்கோ."

தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம். பெயருக்குப் பக்கத்தில் கோடு இருந்தால் வந்தவன். வட்டம் இருந்தால் வராதவன். சில இடங்களில் பெயரை வெட்டி, அவனுக்குப் பதிலாக வந்தவனின் பெயர் எழுதியிருந்தது. மகனுக்குத் தகப்பன், தம்பிக்கு அண்ணன். அறுவடை மாதங்களில் பக்கம் முழுக்க வட்டம். 1812ஆம் ஆண்டோடு புத்தகம் முடிந்தது.

"அந்த வருசம்தான் கனடாவைப் பிடிக்க வெளிக்கிட்டவை," என்றாள் றெபேக்கா. "ஆனா உந்த ஊர்ப்படையளில கனபேர் ஆத்தங்கரையோட நிண்டிட்டினம். ஊரைக் காக்கத்தான் வந்தனாங்கள், ஆறு தாண்ட மாட்டம் எண்டு."

"கெட்டிக்காரர்," என்றாள் கோணேஸ்வரி. அவள் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை.

அவளுடைய மனம் வீட்டில் இருந்தது. மகன் டிலக்சன் கனடா இராணுவத்தின் ரிசேர்வில் சேரப்போகிறானாம். "வியாழக்கிழமை பின்னேரமும் மாசத்தில ஒரு வீக்கெண்டும்தான் அம்மா. கொலிஜை விடமாட்டன். இட்ஸ் லைக் பார்ட் டைம்." பத்தொன்பது வயது, அவளுடைய கையெழுத்து ஒன்றும் தேவையில்லை. ஆனால் தகப்பன் கனகசிங்கம் போனதிலிருந்து வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பிள்ளை விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டு, "நீங்கள் ஓம் எண்டு சொன்னாத்தான் அனுப்புவன்," என்று காத்திருந்தான். மூன்று கிழமையாயிற்று. அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் வாயைவிட்டு விடவேயில்லை.

காரணத்தை அவள் மகனுக்குச் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு, திருகோணமலைப் பக்கம், பள்ளிக்கூட முற்றத்தில் சனத்தைக் கூட்டிப் பெயர் வாசித்தார்கள். நிவாரண அரிசிக்கு என்றுதான் அவள் நினைத்தாள். தம்பி லவனின் பெயர் வந்தபோது அவன் பின்னால் எங்கோ நின்றான். பங்கு தவறிவிடுமே என்று அவள்தான் கையைத் தூக்கி, "ஓம், இருக்கிறார்," என்றாள். அது வீட்டுக்கு ஓராள் என்று ஊர்காவலுக்கு எடுத்த பட்டியல். வாசித்தவர்கள் யார் என்று இனிப் பேசி என்ன, அந்த நேரம் துவக்கு வைத்திருந்தவர்கள் பலர். லவனுக்குப் பதினேழு வயது. திரும்பி வரவில்லை. அந்தச் சொல்லை அன்றைக்கு விழுங்கியிருந்தால் என்று நினைத்து நினைத்தே அவளுக்கு முப்பத்தைந்து வருடம் போய்விட்டது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு சரிபார்க்கிற வேலை தொடங்கியது. அதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. றெபேக்கா புத்தகத்தைப் பார்த்துப் பெயரை வாசிப்பாள். கோணேஸ்வரி தட்டச்சுத் தாளில் விரலை ஓட்டி, சரியென்றால் ஓம் என்பாள். கோடோ வட்டமோ அவர்களுக்கு ஒன்றுதான். பெயர் சரியென்றால் அடுத்தது.

"ஜொசையா பீல்."

"ஓம்."

"சைலஸ் ஹோர்ன்."

"ஓம்."

மேலே, வெறும் தரையில், டொக் என்று ஒரு சத்தம்.

ஹீற்றர் குழாயாக இருக்கும் என்று இருவரும் வேலையைத் தொடர்ந்தார்கள். இரண்டு பெயர் தள்ளி மறுபடியும் கேட்டது. பாரமான கட்டை ஒன்றை நிமிர்த்தித் தரையில் ஊன்றி வைக்கிற சத்தம். பிறகு பக்கத்தில் இன்னொன்று. சின்ன யன்னலுக்கு வெளியே பனி குவிந்து வெளிச்சத்தை மறைத்திருந்தது. மூன்று மணிக்கே பேஸ்மென்ற் இருண்டு கிடந்தது.

றெபேக்கா வாசிப்பதை நிறுத்தினாள். புத்தகத்தில் விரலை வைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "கோடு போட்ட பேருக்குச் சத்தம் இல்லை. வட்டத்துக்கு மட்டுந்தான் கேக்குது."

"என்ன கதைக்கிறாய்?"

"வராத ஆக்களுக்கு நீங்கள் ஓம் சொல்லுறீங்கள். அவை வருகினம்."

கோணேஸ்வரி தலைக்கு மேலே பார்த்தாள். அந்த இடத்திலேயே எழும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் கால் வலித்தது, கண் எரிந்தது, நாளைக்கும் இதே மூன்று வண்டி மாறி வரவேண்டும் என்று நினைக்கவே அழுகை வந்தது.

"ஒரு பக்கம்தானே கிடக்கு," என்றாள். "முடிச்சிட்டுப் போவம், பிள்ளை."

கடைசிப் பக்கம். 1812. பக்கம் முழுக்க வட்டம். ஆறு தாண்ட மறுத்தவர்கள்.

அவர்களுக்கு இடையில் ஸ்கானரும் பெட்டிகளும் நின்றன. கோணேஸ்வரி மேசை விளக்கைத் தாளுக்குக் கிட்ட இழுத்துக் குனிந்துகொண்டாள்.

"ஏமஸ் டில்."

"ஓம்."

டொக்.

"நேதன் குரோ."

"ஓம்."

டொக்.

றெபேக்காவின் குரல் போகப் போகத் தணிந்தது. அவளும் களைத்துவிட்டாள் பாவம் என்று நினைத்தாள் கோணேஸ்வரி. எங்கிருந்தோ நனைந்த கம்பளியின் மணம் வந்தது. வியர்வை, வைக்கோல். அவற்றுக்குப் பின்னால், முப்பத்தைந்து வருடமாக மறக்க முயன்ற வெடிமருந்தின் மணம். விரல் தாளில் இறங்கிக்கொண்டே போனது. பெயர், ஓம். பெயர், ஓம். வாய் தன்பாட்டில் சொன்னது.

"கனகசிங்கம் டிலக்சன்."

"ஓம்."

விரல் வெள்ளைத் தாளில் நின்றது.

பெயர்கள் ஏற்கெனவே முடிந்திருந்தன.

மேலே ஒரு சத்தமும் இல்லை. ஒரு கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

"றெபேக்கா?"

பதில் படியிலிருந்து வந்தது. றெபேக்கா இரண்டு கையிலும் கடையில் வாங்கிய தேநீர்க் கோப்பைகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ஆரோட அக்கா கதைக்கிறீங்கள்? நான் சொல்லிப்போட்டுத்தானே போனனான், பத்து நிமிசமாச்சு."

கோணேஸ்வரி பெட்டிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கதிரை காலியாக இருந்தது. புத்தகம் மூடிக் கிடந்தது.

அவள் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். வெறும் அறைகளைப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள். டிலக்சனுக்கு ஐந்து தரம் போன் எடுத்தாள், அவன் எடுக்கவில்லை. சப்வேயில் நெருக்கடி. கென்னடி ஸ்ரேசனில் ஏறிய பஸ்ஸில் அதைவிட நெருக்கடி, கதவு மூடமுடியாமல் சனம். ஆனால் அவளுக்குப் பக்கத்து இருக்கையும் பின் வரிசையும் காலியாகவே இருந்தன. பைகளோடு ஏறிய ஒரு பெண் அங்கே உட்கார வந்தாள். வெறும் இருக்கையைப் பார்த்து, "ஸொறி," என்றுவிட்டுப் பின்வாங்கிப் போனாள்.

கோணேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. கம்பளி மணம் வீடுவரைக்கும் கூட வந்தது.

பன்னிரண்டாம் மாடி. சாவியைத் தேட முன்பே டிலக்சன் கதவைத் திறந்தான். முகமெல்லாம் சந்தோசம்.

"தாங்ஸ் அம்மா. நீங்கள் போன் எடுத்த உடனே விண்ணப்பத்தை அனுப்பிட்டன்."

"நான் எப்ப எடுத்தனான்?"

"மூண்டே முக்காலுக்கு. ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வச்சிட்டீங்கள்." அவன் பார்வை அவள் தோளுக்கு மேலால் போனது. "உங்கட வேலையாக்களே அம்மா இவ்வளவு பேரும்? உள்ள வரச் சொல்லுங்கோ. எல்லாரும் நனைஞ்சு போய் நிக்கினம்."

மரியாதையான பிள்ளை. கதவை அகலத் திறந்து சுவரோடு ஒதுங்கி நின்றான்.

அவளுக்குப் பின்னால் நடைவழி காலியாகக் கிடந்தது. லிஃப்ற் வரைக்கும் ஒருவரும் இல்லை.

அவளுக்கு மகன்மேல் கோபம் வந்தது, தன்மேல் வந்தது, கடைசியில் எல்லாம் வடிந்து வெறும் அசதிதான் மிஞ்சியது. முப்பத்தைந்து வருடம் பிந்திய ஒரு சொல் அவளிடம் இருந்தது. அதைக் காலியான நடைவழியைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லை. இவன் வரமாட்டான்."

டிலக்சன் அவளைப் பார்த்தான். பிறகு அங்கே பார்த்தான். யாரோ சொல்வதைக் கேட்பதுபோல நெற்றியைச் சுருக்கினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"அம்மா," என்றான் தாழ்ந்த குரலில். "அப்ப இந்த வீட்டில இருந்து ஆர் வாறது எண்டு கேக்கினம்."

மகனுடைய காலில் சொக்ஸ்தான் இருந்தது. ஒரு கால் ஏற்கெனவே வாசற்படியைத் தாண்டி வெளியே இருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

கோணேஸ்வரி அவனை நெஞ்சில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

"நான்," என்றாள். "நான் வாறன்."

டிலக்சன் அவளைக் கையில் பிடித்து உள்ளே இழுத்து, பயத்தோடு கதவைச் சாத்தினான்.

கதவு பாதியில் நின்றது. அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான், அது அசையவில்லை. வெளியே இருந்து யாரோ, அவசரமில்லாமல், அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.