மௌனத்துக்கு எடுத்துக் கொடுத்த வரி

ஒத்திகையில் அந்த மௌனம் கொஞ்சம் நீண்டுவிட்டது. மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுக்க மேடை ஓரத்தில் வசன நோட்டுடன் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது உறுத்தியது.

நாற்பது வருடமாக நாடகம் போடும் அந்தக் குழுவில் ஒரு வழக்கம். நடிகர் ஒருவர் இறந்துபோனால், அடுத்த ஒரே ஒரு மேடையேற்றத்தில் அவர் வேடத்தை யாருக்கும் தரமாட்டார்கள். அவர் பேச வேண்டிய இடத்தில், வசனத்தின் நீளத்துக்கு எல்லோரும் சும்மா நிற்பார்கள். பிறகு காதில் விழுந்ததுபோலப் பதில் சொல்வார்கள். அத்தோடு அவருக்கு விடை கொடுத்தாகிவிட்டது.

இம்முறை அது அவள் கணவரின் இடம். இரண்டு வருடம் படுக்கையோடு கிடந்து, போன மாதம் போனார். அவளுக்கு அழுகையே வரவில்லை. மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. இந்த மௌனம் முடிந்து அவர் போய்விட்டால் தானும் படுத்துத் தூங்கலாம். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

“ஏன் இவ்வளவு நேரம் நின்னுட்டீங்க?” என்று, தம்பி வேடம் போடும் தையற்காரரிடம் கேட்டாள்.

“அவர் முடிக்க வேண்டாமாக்கா?”

கணவருக்குக் குழுவில் ‘இழுவை’ என்று பேர். அவர் ஒரு வரி முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பார்கள். தையற்காரர் அதைத்தான் கேலி செய்கிறார் என்று அவள் விட்டுவிட்டாள்.

நாடகத்தன்று அரங்கு நிறைந்திருந்தது. சூடேறிய விளக்குகளின் தூசி வாசமும், முகப்பூச்சின் எண்ணெய் வாசமும், திரைக்குப் பின்னால் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தமும் கலந்து வந்து, அவள் நோட்டின் பக்கத்தைத் திருப்பியபோது சட்டென்று நின்றன.

தையற்காரர் கேட்டார். “அண்ணே, வீட்டைப் பூட்டிட்டீங்களா?”

மௌனம்.

நேரம் கடந்தது. தையற்காரர் பதில் பேசவில்லை. கணவருக்குப் போட்டிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எதிரே இருப்பவர் வசனத்தை மறந்துவிட்டால் நடிகர்கள் பார்க்கும் அதே பார்வை.

இருபத்தாறு வருடப் பழக்க தோஷம். யோசிக்கும் முன்பே உதடு அசைந்துவிட்டது.

“சாவி…” என்று எடுத்துக் கொடுத்தாள்.

“சாவி… என்கிட்டதான்… இருக்கு. நீ… படு.”

கணவரின் குரல். அதே இழுவை. யாரோ கைதட்டினார்கள்.

அவருக்கு அந்த நாடகத்தில் அதுதான் கடைசி வரி. நாற்காலி கிறீச்சிட்டது. செருப்புத் தேயும் சத்தம் அவள் பக்கமாக வந்தது. மருந்து வாசம். இருட்டில், ஒரு முழம் தள்ளி, அவர் முகம். வாய் திறந்திருந்தது.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டிய நேரம். ஒன்றும் வரவில்லை. அவ்வளவு களைப்பு.

“போயிடுங்க,” என்றாள் மெதுவாக.

“போயிடுங்க…” என்று அவர் இழுத்துச் சொன்னார். நகரவில்லை.

“நான் தூங்கணும்.”

“நான்… தூங்கணும்.”

சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வரிக்காக மறுபடியும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.