புகையாத அடுப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் இருவரும் சுவர்க்குழாயில் மூச்சை ஊதிக் காட்டிவிட்டுத்தான் காப்பி குடித்தோம். செவ்வாய்க் கிரகத்தில் காற்றை அடைத்துவைத்த ஏழாம் கவிகைக் கூரைக்குள் எல்லா வீட்டிலும் காலையில் நடக்கிற காரியம் அது. முதல் நாள் வீட்டுக்கு அளந்து விட்ட பிராணவாயுவை யாராவது பதுக்கியிருந்தால் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். இசக்கி ஊதும்போது ஓர் ஏப்பத்தையும் சேர்த்து விட்டாள்.

“அதையும் வாங்கிக்கிடட்டும், வாத்தியாரே.”

அந்தக் குழாய்களைப் பழுதுபார்ப்பதே என் மனைவி இசக்கியின் வேலை.

கொல்லையில் அவளுடைய புகையடுப்பு இருந்தது. பழைய எரிபொருள் பீப்பாய், உள்ளே ஒரு கம்பிவலை, மேலே மூடி. மூங்கில்கரி மூட்டி, வளர்ப்புத் தொட்டி ஜிலேபி மீனைப் புகையில் வேகவைப்பாள். கவிகையின் மூங்கில்களுக்குக் கரியமில வாயு தேவை என்பதால் வாரத்தில் ஒரு நாள் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் மூடியின் ஓரமெல்லாம் புகை ஒழுகியது. பக்கத்து வீட்டு அருமைநாயகம் பதினொரு மனு போட்டார்.

இசக்கி சண்டைக்குப் போகவில்லை. கவிகைக்கு வெளியே போகும் காற்றறையின் கழித்துப்போட்ட கதவிலிருந்து, காற்று கசியாமல் அடைக்கும், வெப்பம் தாங்கும் கயிற்றை உருவி மூடியின் விளிம்பில் ஒட்டினாள். பீப்பாயின் அடியில் இரண்டு துளையிட்டு, நகர்த்தி மூடும்படி தகடு வைத்தாள். கரியைக் குவிக்காமல் வளையமாக அடுக்கி ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தாள். ஒரு மணி நேரத்தில் சாம்பலாகும் கரி ஆறு மணி நேரம் நின்றது. ஊதுபத்தி அளவுக்குக்கூடப் புகை இல்லை.

அதன் பிறகுதான் தெரு பேசத் தொடங்கியது. காற்றறைக் கயிறு எதற்கு? காற்றை அடைத்துவைக்கத்தானே? குழாயைச் சரிசெய்கிறவளுக்கு அதை ஏமாற்றவா தெரியாது?

அருமைநாயகம் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். “முன்னெல்லாம் எங்க வீட்டுத் துணி வரைக்கும் மீன் வாசம் அடிக்கும், மதினி. இப்ப மீனு எங்க போகுது?”

“வயித்துக்குள்ளதான் அண்ணாச்சி. வேற வழி உங்களுக்குத் தெரியுமா?”

அவர் சிரிக்கவில்லை. நானும் முழுதாகச் சிரிக்கவில்லை. அடுப்பை மாற்றியதிலிருந்து நான் பக்கத்தில் இருக்கும்போது அவள் மூடியைத் திறந்ததே இல்லை. எட்டிப் பார்த்தால் சூடு போய்விடும் என்பாள். பாதிதான் நம்பினேன்.

அந்த ஞாயிறு மதியம் காற்று அதிகாரி வந்தார். பின்னால் தெருவே வந்தது. மீன் வெந்து, இசக்கி அடித்துளைகளை அப்போதுதான் அடைத்திருந்தாள்.

“கரி மூச்சு முட்டிக் கிடக்கு. இப்பத் தொறந்தா குப்புனு பிடிக்கும். ஒரு மணி நேரம் பொறுங்க, தானா அணைஞ்சிரும்” என்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் எதை அப்புறப்படுத்தப் போகிறாள் என்று யாரோ கேட்டார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பி, உள்ளே இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்றார்.

பார்த்ததில்லை.

“தொறந்து காட்டிட்டா என்ன, இசக்கி?” என்றேன்.

அவள் எல்லோரையும் மதிலோரம் தள்ளி நிற்கச் சொன்னாள். பிறகு தானே போய் மூடியைத் தூக்கினாள். தவித்துக் கிடந்த கரிக்குக் கவிகையின் பிராணவாயு செறிந்த காற்று ஒரே நொடியில் கிடைத்தது.

மூன்றாம் நாள் தீக்காயத்தில் இறந்துபோனாள். உள்ளே இருந்தவை பதினான்கு மீன்கள் என்றது அறிக்கை.

அடுத்த மாதம் சட்டம் வந்தது. எல்லாப் புகையடுப்பின் மூடியிலும் நான்கு துளைகள் வேண்டும். வருகிற புகை தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் மூடிக்கு அருமைநாயகமே வந்து துளையிட்டுக் கொடுத்தார். இப்போது ஞாயிறுதோறும் தெரு முழுக்கப் புகை. கண் எரிகிறது, துணியெல்லாம் வாசம் அடிக்கிறது. யாரும் மனு போடுவதில்லை. அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிவதால் எல்லோரும் நிம்மதியாக இருமுகிறார்கள்.

பள்ளி நூலகத்தில் கவிகையின் காற்றுப் பதிவேடு இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். மூடி ஒழுகிய மாதங்களிலும், இசக்கி அதை அடைத்த மாதங்களிலும், துளையிட்ட பிறகும், எங்கள் தெருவில் பிராணவாயு மாறாமல் இருபத்தைந்து விழுக்காடு.