பரீட்சை முடியட்டும்

படிக்கப் போன வெளிநாட்டு ஊரில் எங்களுக்குக் கிடைத்தது பழைய மாடி வீடு. பெட்டியை இழுத்துக்கொண்டு முதல் நாள் உள்ளே நுழைந்தபோதே ஈரச் சுவரின் வாடை மூக்கில் ஏறியது. மரப்படிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முனகின. முதல் மாடியில் எனக்கு ஓர் அறை, எதிரே என் தோழிக்கு ஓர் அறை. எங்களுக்கு மேலே ஒரு நர்ஸ் இருந்தார். சமையலறை கீழே, எல்லோருக்கும் பொது. அதற்கும் கீழே, தரைக்கடியில், துணி துவைக்கும் மெஷின் இருந்த அறை. அங்கே இறங்கிவிட்டால் செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட இருக்காது.

அவளை நான் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். ஆள் என் தோள் உயரம்தான், வாய் மட்டும் ஏழு ஆளுக்கு வரும். அவள் அம்மா விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் பெரியவ, பாத்துக்கம்மா" என்றார். எனக்கு அவளைவிட ஒரே ஒரு வயதுதான் அதிகம். ஆனாலும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

பொடிசு எங்கே போனாலும் போனில் அம்மாவும் கூடவே வருவார். பஸ் நிறுத்தம், நூலகப் படிக்கட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை, எதையும் விடமாட்டாள். "இதோ பாரும்மா, வாத்து" என்று போனைத் திருப்பிக் காட்டுவாள். "என்னடி இவ்ளோ குண்டா இருக்கு? உனக்குப் போடற சோத்தையும் அதுவே தின்னுடுதா?" என்பார் அம்மா. கடையில் வெங்காயம் வாங்கினால் அழுத்திப் பார்த்து எடுக்கச் சொல்வார். "அம்மாவுக்கும் சேத்து ஒரு பஸ் டிக்கெட் வாங்குடி" என்று நான் கிண்டல் செய்வேன். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். என் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் எடுக்காவிட்டால் என்னைக் கூப்பிடுவார்.

கடைசிப் பரீட்சைகளுக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவள் அண்ணன் ஊரிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டார். நூலகத்துக்கு வெளியே வந்து பேசினேன்.

"அம்மா போயிட்டாங்கம்மா" என்றார். "காலைல பால் காய்ச்சிட்டு இருந்தாங்க. அப்படியே அடுப்புகிட்ட உக்காந்தாங்க. அவ்வளவுதான்."

நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"அவகிட்ட மூச்சு விடாதே. பரிச்சை முடியட்டும், நானே சொல்றேன்."

"அண்ணா, முகத்தையாவது பாக்க வேணாமா அவ?"

"அவ வந்து சேர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் வெச்சிருக்க வேணாம்னு பெரியவங்க சொல்றாங்க. வந்தாலும் ஒரு வருஷப் படிப்பு போயிடும். அம்மாவுக்கு இவ படிப்புதானே எல்லாம்? நல்லதுக்குத்தான் சொல்றேன்." பிறகு அந்த மனிதர் விம்மி அழுதார்.

நம் வீடுகளில் இதொன்றும் புதிதில்லை. என் சித்தப்பா போனதே எனக்குப் பரீட்சை முடிந்து நாலு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் சரி என்றேன். அந்த 'சரி'க்காக என் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.

அம்மாவின் போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேராகிவிட்டது, கொஞ்ச நாள் பேச முடியாது என்று சொல்வதாக ஏற்பாடு. வழியெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லிப் பழகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன்.

பொடிசு மெஷின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். காதில் போன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா, சரி சரி, வெச்சுடறேன். இந்த வாயாடி வந்துட்டா."

"யாரு?" என்றேன்.

"அம்மாதான். வேற யாரு?"

மெஷின் நின்றது. குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

என் போனை எடுத்துப் பார்த்தேன்.

சிக்னல் இல்லை.

"எப்ப கூப்பிட்டாங்க?"

"இப்பதான்டி. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? துணியப் புடி."

ஈரத்துணியை வாங்கிக்கொண்டேன். மேலே வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு அம்மாவின் போன் எங்கே என்று கேட்டேன். அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். ஏன் கேட்கிறாய் என்றார். சும்மாதான் என்றேன்.

அதன்பிறகு தினமும் அழைப்பு வந்தது. பட்டப்பகலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தட்டு கழுவும்போது, பரீட்சைக் கூடத்துக்குள் போவதற்கு ஐந்து நிமிடம் முன்னால். பக்கத்தில் நின்றால் கரகரவென்று ஏதோ கேட்கும், வார்த்தை புரியாது. அவள் அறைக் கதவருகே அடிப்பிடித்துத் தீய்ந்த பாலின் வாடை அடித்தது. நாங்கள் பால் வாங்கியே இரண்டு வாரமாகியிருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பொடிசு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"வீட்ல ஏதோ சண்டை போலடி. அம்மாகிட்ட யாருமே பேசறதில்லையாம்."

"யார் சொன்னா?"

"அம்மாவேதான். வீடு நெறைய சொந்தக்காரங்க வந்தாங்களாம். ஒருத்தர்கூட முகம் குடுத்துப் பேசலையாம். அண்ணன்கிட்ட 'சாப்டியாடா'ன்னு கேட்டா, காதுல விழாத மாதிரி போறானாம். நான் என்ன தப்பு பண்ணேன்னு அழறாங்க. இருக்கட்டும், பரிச்சை முடியட்டும், அவனை ஒரு கிழி கிழிக்கறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மாவுக்கும் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அவள் கதவைத் தட்டினேன். மூன்று முறையும் பேனாவைக் கடித்துக்கொண்டே "என்னடி?" என்று நிமிர்ந்தாள். மூன்று முறையும் டீ வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என்னைப்போல ஒரு கோழை இருக்க முடியாது.

கடைசிப் பரீட்சை அடுத்த வார வெள்ளிக்கிழமை முடிந்தது. நாலு மணிக்கு அண்ணன் அவளைக் கூப்பிட்டார். சமையலறையில் நின்றபடி கேட்டாள். கத்துவாள், விழுவாள் என்று நான் பக்கத்தில் தயாராக நின்றேன். அவள் போனை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"என்னிக்கு?"

"போன வாரம் செவ்வாக்கிழமை. நீ துணி துவைச்சிட்டு இருந்தியே, அன்னிக்கு."

அந்த நாட்களில் யாரோடு பேசினோம் என்று அவள் எண்ணிப்பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

மேஜைமேல் போன் அடித்தது.

திரையில் 'அம்மா'.

பொடிசு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கு வந்தது.

"எடுடி" என்றேன்.

"எடுத்து என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். "நீ செத்துட்டம்மான்னு நான் எப்படிடி சொல்லுவேன் எங்கம்மாகிட்ட?"

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து காதுகளைப் பொத்திக்கொண்டு அழுதாள். தொட வந்த என் கையைத் தட்டிவிட்டாள். இருட்டும்வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சிம்மைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

ஊருக்கு அவள் போகவில்லை. "இனிமே யாரைப் பாக்க?" என்றாள். மறுவாரமே ஊரின் இன்னொரு கோடியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டியைத் தூக்க உதவிக்கு வந்த என்னிடம், "சொல்லியிருந்தா நான் ஓடியாவது போயிருப்பேன்டி" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் அவள் பேசியதேயில்லை. தெருவில் எதிரே வந்தாலும் சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறாள்.

அவள் போன மூன்றாம் நாள் மத்தியானம் என் போன் அடித்தது. திரையில் நம்பர் எதுவும் இல்லை.

எடுத்தேன். தீய்ந்த பால் வாடை அறை முழுக்கப் பரவியது.

"நான்தாம்மா" என்றது குரல். எத்தனையோ தடவை கேட்ட அதே குரல், கொஞ்சம் இளைத்திருந்தது. "பாப்பா ஏன் போனை எடுக்க மாட்டேங்கறா? அவளுக்கும் என்மேல கோவமா?"

சொல்லியிருக்க வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் சேர்த்துச் செய்த பாவத்தை அந்த ஒரு நிமிடத்தில் கழுவியிருக்கலாம். ஆனால் இப்படிக் கேட்கும் ஓர் அம்மாவிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"கோவமெல்லாம் இல்லம்மா" என்றேன். "பரிச்சை இன்னும் முடியல. ராப்பகலா படிச்சிட்டு இருக்கா."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டது போன்ற பெருமூச்சு.

"அதானே பாத்தேன். படிக்கட்டும், படிக்கட்டும். தொந்தரவு பண்ணாதே. அங்க எனக்கு யாரும் பேச்சுத்துணைக்கு இல்லம்மா, அதான் கிளம்பி வந்துட்டேன். இந்த ஊர்ல இவ்ளோ குளிரும்னு பாப்பா சொல்லவே இல்லையே. அவ முடிக்கற வரைக்கும் நான் இப்படி ஓரமா உக்காந்திருக்கேன்."

"எங்கம்மா இருக்கீங்க?"

"இங்கதான், படியில."

கதவைத் திறந்து பார்த்தேன். படியில் யாரும் இல்லை. போர்வை ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன்.

நேற்றுக் காலை, வேலை முடிந்து வந்த நர்ஸ் சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரமாகப் படியில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா உன் சொந்தமா என்று கேட்டார். குளிரில் நடுங்குகிறாரே என்று மேலே தன் அறைக்குக் கூப்பிட்டாராம். அந்த அம்மா வரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, உதட்டில் விரலை வைத்து, பொடிசின் காலி அறையைச் சுட்டிக்காட்டி, புத்தகம் படிப்பதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாராம்.