வினோஜாவுக்குப் பிடிக்காத கார்

லில்லெஸ்ட்ரோம் நகரைத் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. அறுவடை முடிந்த வயல்களின் மேல் மூடுபனி படுத்திருந்தது. பாதை முடிந்த இடத்தில் வெள்ளை வர்ணம் உரிந்த மரவீடு ஒன்றும், அதன் பின்னால் ஒரு சிவப்புக் களஞ்சியமும் நின்றன. ரிஷிகேசனும் வினோஜாவும் கதவைத் தட்டுவதற்கு முன்பே, காரை விற்கும் கிழவர் வெளியே வந்துவிட்டார்.

ரிஷிகேசன் ரீ-பானே என்கிற நிலத்தடி ரயிலை ஓட்டுகிறவன். மனைவி வினோஜாவோடும் பதினாறு வயது மகள் யதுர்ஷாவோடும் ஸ்டோவ்னரில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறான். பழைய அமெரிக்கக் கார் என்றால் அவனுக்குப் பித்து. பழைய கார் வைத்திருப்பவர்களின் கோடைச் சந்திப்புகளில் முன்பெல்லாம் மிக நீளமான, மிகப் பெரிய வாகனங்களைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அண்மைக்காலமாகக் கூட்டம் இடம் மாறியிருந்தது. எழுபதுகளில் அமெரிக்கக் குடும்பங்கள் கடைக்கும் வேலைக்கும் ஓட்டிய, அந்த நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத நடுத்தரக் கார்களைத்தான் இப்போது தேடினார்கள். அவற்றில் பாதிக்கு மேல் என்றோ பழைய இரும்பாகிப் போயிருந்தன. மிஞ்சிய ஒன்று எங்கே நின்றாலும் கதை பரவிவிடும்.

இந்த எழுபத்துமூன்றாம் ஆண்டு மலிபு காரையும் வேறு பலர் கேட்டு வந்து திரும்பிப் போயிருந்தார்கள். கிழவர் கொன்ஸ்ரன்ரைன் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருந்தார். வாங்குகிறவன் மனைவியையும் கூட்டி வரவேண்டும்.

களஞ்சியத்தின் அரையிருட்டில் கரும்பச்சை நிறத்தில் அது நின்றது. ரிஷிகேசன் மூச்சை உள்ளே இழுத்ததை வினோஜா கேட்டாள். அவளுக்கு முதலில் பட்டது மணம்தான். பெற்றோலோ பழைய தோலோ இல்லை. நனைந்த கம்பளிச் சட்டையின் மணம்.

கிழவர் காரைப் பார்க்கவேயில்லை. வினோஜாவின் முகத்தையே பார்த்தபடி நொர்வேஜிய மொழியில் கேட்டார்.

"உனக்கு இது பிடித்திருக்கிறதா?"

கணவனின் கண்கள் அவளைக் கெஞ்சின.

"பிடித்திருக்கிறது" என்றாள்.

"உண்மையாகவா?"

"உண்மையாக."

கிழவர் கார்த் திறப்பை நீட்டினார்.

அதன் பிறகு ரிஷிகேசனின் நாட்கள் நிலத்தடிக் கராஜில் கழிந்தன. வேலை முடிந்து வந்தால் மேலே ஏறமாட்டான். இரவுச் சாப்பாடு மேசையில் ஆறிப்போகும். வினோஜா இறங்கிப் போய்ப் பார்த்தால், மெல்லிய துணியால் ஸ்ரேறிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

"என்ரை ராசாத்திக்கு இண்டைக்கு என்ன செய்யுது?" என்று அவன் காரிடம் கேட்டதை ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கலியாணம் செய்த புதிதில் அவளுக்கென்று இருந்த குரல் அது. எப்போது நின்றுபோனது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

ஒரு தகரப் பெட்டியைப் பார்த்து எரிச்சல்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. யாரிடம் சொல்ல முடியும்? வேறொரு பெண் என்றாலாவது சண்டை பிடிக்கலாம்.

குப்பை போட இறங்கிய ஒரு பின்னேரம் அவள் தனியாகக் காரின் அருகில் நின்றாள். பளபளத்த கதவில் அவள் முகம் தெரிந்தது. ஆசை தீர இதில் ஒரு கீறல் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள்.

நினைக்க மட்டும்தான் செய்தாள்.

மறுநாள் ரிஷிகேசன் முகம் கறுத்து மேலே வந்தான்.

"நீர் கீழை போனனீரா?"

"ஓம். குப்பை போடப் போனனான். ஏன்?"

"கதவு முழுக்கக் கீறிக் கிடக்கு. உமக்குப் பிடிக்காட்டி வாயாலை சொல்லியிருக்கலாமே, வினோ."

"நான் தொடவேயில்லை!"

அவன் நம்பவில்லை. அவள் கீழே ஓடிப்போய்ப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் வரை நான்கு கோடுகள். நான்கு விரல் நகங்களின் இடைவெளியில்.

நனைந்த கம்பளி மணத்தது.

அவள் பின்வாங்கியபோது காருக்குள் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். தோழியின் பகிடிக்குச் சிரிப்பதுபோல.

வினோஜா அன்றைக்கே கொன்ஸ்ரன்ரைனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கீறல்களையும் சிரிப்பையும் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டார்.

"பிடித்திருக்கிறது என்று சொன்னாயே?"

"பொய் சொன்னேன்."

"என் மனைவி ரூத்துக்கும் பிடிக்காது. அவளைவிட அந்தக் காரைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள். அது பிழையென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு ஜனவரி மாதம், சண்டைக்குப் பிறகு, களஞ்சியத்துக்குப் போய் அதற்குள் ஏறியிருந்தாள். நான் தேடி வருவேன் என்று பார்த்திருக்கிறாள்." கிழவரின் மூச்சு இழுத்தது. "நான் விடிந்த பிறகுதான் போனேன். அவள் உறைந்துபோயிருந்தாள்."

"இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?"

"காரை நேசிக்கும் பெண் ஒருத்தி வந்தால் ரூத் போய்விடுவாள் என்று நினைத்தேன்."

ரிஷிகேசனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "என்னைக் கொண்டு காரை விக்கப் பண்ணுறதுக்கு நல்ல கதை" என்றான்.

டிசம்பரில் பின்னேரமே கண் தெரியாமல் இருட்டிவிடும். அவர்களுடைய கலியாண நாளன்று வினோஜா வேலையிடத்தில் விடுப்பு எடுத்து, நண்டு வாங்கிக் கறிவைத்து, சேலை உடுத்திக் காத்திருந்தாள். வேலை முடிந்து நேராக மேலே வருவதாக அவன் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நேரம் போனது. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சந்திப்புக் குழுவில் ஒருவன் கொடுத்த பழைய விளக்குக் கண்ணாடியைப் பூட்டிவிட்டு வருகிறானாம்.

அவளுக்கு நெஞ்சு கொதித்தது. ஆளில்லாத மேசையைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

"அதுக்குள்ளேயே கிடவுங்கோ!"

சொல்லி முடித்த கணத்தில் பிடரியில் ஒரு குளிர் தொட்டு விலகியது.

வீட்டுக்குள் காற்று இல்லை.

யாரோ கேட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது.

செருப்பும் போடாமல் படிகளில் ஓடி இறங்கினாள். கராஜ் சூடாகத்தான் இருந்தது. மற்றக் கார்களிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மலிபுவின் கண்ணாடிகள் மட்டும் வெள்ளையாக இருந்தன. உறைபனி. உட்புறத்தில்.

"ரிஷி!"

உள்ளே ஒரு நிழல் ஸ்ரேறிங்கின் மேல் சாய்ந்து கிடந்தது. கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. கையால் அடித்தாள். நிழல் அசையவில்லை.

காரின் மறுபக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

அந்தப் பக்கக் கதவு தானாகத் திறந்திருந்தது.

அவளுக்காக.

சுற்றி ஓடி அதற்குள் ஏறினாள். முன்னிருக்கை ஒரு சோபாவைப்போல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரே நீளமாக இருந்தது. ஓரத்தில் ரிஷிகேசன், உதடு நீலமாக, புருவத்தில் பனி படிந்து. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வெறும் இடத்தில் இருக்கை அழுந்தியிருந்தது.

மெதுவான நொர்வேஜியக் குரல் ஒன்று அவள் காதோரம் கேட்டது.

"இவனை இப்படியே விட்டுவிடுவோமா?"

வினோஜா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பயத்தால்தான் வரவில்லை என்று பின்னர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு கணம், ஆறிப்போன சாப்பாடுகளும் அந்த 'ராசாத்தி'யும் அவள் நெஞ்சில் வந்து நின்றன. அந்த ஒரு கணம் அவள் யோசித்தாள்.

அழுந்திய இருக்கை அவள் பக்கமாக நகர்ந்தது.

"நீதானே கேட்டாய்" என்றது குரல், அன்பாக.

"வேண்டாம்" என்றாள் வினோஜா. பிறகு கத்தினாள். "வேண்டாம்! இவர் என்ரை மனுசன். எனக்கு வேணும்!"

வெறுமைக்குள் கையை விட்டாள். குளிர் எலும்புவரை கடித்தது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த நீளமான இருக்கை முழுவதும் அவனை இழுத்துக்கொண்டு வந்து வெளியே சாய்த்தாள். சீமெந்துத் தரையில் இருவரும் விழுந்தார்கள். சேலை கிழிந்தது. அவன் ஒருமுறை இருமினான்.

அவசர மருத்துவப் பிரிவில் மருத்துவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். சூடான கராஜில் ஒரு மனிதனுக்கு எப்படிப் பனிக்கடி வரும்? ரிஷிகேசனின் இடதுகையில் இரண்டு விரல் நுனிகள் கறுத்து, பிறகு இல்லாமல் போயின.

"நான் கதவைப் பூட்டேல்லை, வினோ" என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னான். "பக்கத்திலை ஆரோ வந்து இருந்தது. நீர் எண்டு நினைச்சுக் கதைச்சுக்கொண்டிருந்தனான்."

அவள் அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஒரு கணத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

கொன்ஸ்ரன்ரைன் தானே ஆள் அனுப்பிக் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். களஞ்சியத்தில் அதற்குள் ஏறி இனித் தினமும் கொஞ்ச நேரம் ரூத்தோடு இருக்கப்போவதாகச் சொன்னாராம்.

வசந்தம் வந்தது. ரிஷிகேசன் வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வந்தான். இந்த நாட்டில் பதினாறு வயதிலேயே பழகலாம் என்பதால், யதுர்ஷாவுக்குக் கார் ஓட்டப் பழக்கத் தொடங்கியிருந்தான். பின்னேரங்களில் அப்பாவும் மகளும் வீட்டுச் சிறிய காரில் போவார்கள். நகரின் மறுபக்கத்தில் மோர்டென்ஸ்ருட் வரை போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவார்கள். வினோஜாவுக்கு அது சந்தோசமாகவே இருந்தது. பெரும்பாலும்.

ஒரு மே மாதப் பின்னேரம் அவள் கடைப் பைகளோடு வீடு திரும்பினாள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. உள்ளே அப்பாவும் மகளும் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீர்தான் என்ரை ராசாத்தி, பிள்ளை. முதல் தரமே தடுமாறாமல் நிப்பாட்டினீர்!" என்றான் ரிஷிகேசன்.

வாசலில், பைகளைக் கையில் வைத்தபடியே, வினோஜா நின்றுவிட்டாள். நெஞ்சுக்குள் ஊசியால் தொட்டதுபோல ஏதோ ஒன்று. சின்னதாகத்தான். உடனே போய்விட்டது. அவள் தன்னைத்தானே கடிந்துகொண்டு, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள்.

உள்ளே சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஆ... அம்மா," என்றாள் அறைக்குள்ளிருந்து யதுர்ஷா, "தோளிலையிருந்து கையை எடுங்கோ. நோகுது."