ஐந்தாவது தாள்

காலையிலிருந்து நான்கு வீடு ஏறி இறங்கியாகிவிட்டது. ஒரு வீட்டில் பிளக்கே சொருகவில்லை. இன்னொரு வீட்டில் தாள் தீர்ந்து இரண்டு நாளாகியும் ஒருவரும் தட்டைத் திறந்து பார்க்கவில்லை. பிரிண்டர் மெக்கானிக்கின் பிழைப்பு இப்படித்தான் தேய்கிறது. மதியம் மூன்று மணிக்கு ஐந்தாவது வீட்டு மாடிப்படி ஏறும்போது அவனுக்கு முழங்கால்கள் கெஞ்சின.

ரிட்டயரான டீச்சர் வீடு. அவரே கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. பார்த்து கால் வைங்க."

திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார். பல நாள் திறக்காத அறையின் புழுக்கத்தோடு மை வாடையும் அடித்தது. தரை முழுக்கத் தாள்கள். மெக்கானிக் தன் பையை நாற்காலிக்கு இடது பக்கம் இறக்கினான். வார் அறுந்த இடத்தில் சிவப்பு ஒயரால் முடிச்சுப் போட்ட பை அது. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

படம் வரைகிற சாதாரண புரோகிராம். குழந்தைகள் வீடும் மரமும் கிறுக்குவார்களே, அதுதான். திறந்திருந்த படத்தில் சன்னலோரம் டீச்சர் சிரித்துக்கொண்டு நின்றார். படத்தின் ஓரம் கத்தரித்தாற்போல் முடிந்திருந்தது. டீச்சரின் தோளில் மட்டும் யாருடையவோ இரண்டு விரல்கள் மிச்சமிருந்தன.

"பக்கத்துல யாரு டீச்சர்?"

"என் தங்கச்சி." அவர் குரல் இறங்கியது. "நாலு வருஷம் முன்னாடி ஒரு விண்ணப்பத்துக்கு என் படம் மட்டும் வேணும்னு அவளை வெட்டி எடுத்துட்டு சேவ் பண்ணிட்டேன். பழைய படம் போயிடும்னு எனக்குத் தெரியாது. அவ பார்த்துட்டு, வேணும்னேதான செஞ்சேன்னு கேட்டா. அன்னைக்கு வேற ஏதோ கோபம். ஆமாடி, வேணும்னேதான்னு சொல்லித் தொலைச்சேன். அப்புறம் அவ இந்தப் படி ஏறவே இல்ல. போன மாசம் போய்ச் சேர்ந்துட்டா. அவ முகத்தை வச்சிக்க வேற ஒரு படம் இல்ல தம்பி, என்கிட்ட."

மெக்கானிக் திரையின் பக்கம் திரும்பினான். இரண்டு முறை இருமிவிட்டு அச்சுக்குக் கொடுத்தான். படம் பெரியது, ஒரு தாளில் அடங்காமல் நான்கு தாளாகப் பிரிந்து வந்தது. இந்தப் புரோகிராமில் எல்லா வீட்டிலும் வருகிற தொல்லைதான். இரண்டு நிமிஷ வேலை, சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான்.

பிரிண்டர் ஐந்தாவது தாளை இழுத்தது.

திரையில் எண்ணிக்கை நான்குதான். அச்சு வரிசையில் வேறு வேலை எதுவும் நிற்கவில்லை.

ஐந்தாவது தாளில் ஒரு புடவைத் தோள். அதன்மேல் கழுத்து. அதற்கு மேலே மை திட்டுத்திட்டாகக் கலைந்து வெறும் வெள்ளை.

"ஒரு தாள் கூட வருது. இதானே பிரச்சினை?"

"கூட வர்றது பத்து நாளா இருக்கு, அது இருக்கட்டும் தம்பி," என்றார் டீச்சர். "கழுத்தோட ஏன் நின்னுடுதுன்னு பாருங்க."

அப்போதுதான் அவன் தரையை ஒழுங்காகப் பார்த்தான். முதல் வரிசைத் தாள்களில் முழங்கை மட்டும். அடுத்ததில் தோள். பத்து நாளாக, தாள் தாளாக, யாரோ உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

மை அடைப்பாக இருக்கும் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அச்சு முனையைத் துடைத்தான், மறுபடி கொடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்து.

இந்தமுறை மோவாய் வரை வந்திருந்தது. புடவையின் கீழ் ஓரத்தில், தரையில் ஒரு பை. வாரில் சிவப்பு ஒயர் முடிச்சு.

கால் மணி நேரம் முன்னால் அவன் இறக்கி வைத்த பை.

அவன் மெல்ல இடது பக்கம் திரும்பினான். பை இருந்தது. அதன் அருகே யாரும் இல்லை. திரைச்சீலை மட்டும், யாரோ உரசி நின்றதுபோல், லேசாக உள்வாங்கியிருந்தது.

மூளை ஓடாவிட்டால் கை பழகிய வேலையைச் செய்யும். அச்சு அமைப்பைத் திறந்தான், எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கு என்பதைத் தட்டினான், சேவ் செய்தான். ஒரே ஒரு தாள் வந்தது. பளிச்சென்று டீச்சர் மட்டும். பிரிண்டர் அடங்கியது.

"சரியாயிடுச்சு," என்றான்.

டீச்சர் தாளை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டார். "விரல் எங்க தம்பி?"

தோளில் விரல்கள் இல்லை. திரையிலும் இல்லை.

"பழையபடி ஆக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஆக்கினான். நான்கு தாள் வந்தது. திரும்பக் கொடுத்தான். நான்கு. எத்தனை முறை கொடுத்தாலும் நான்கேதான். டீச்சர் அழவில்லை, தரையில் உட்கார்ந்து தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அது அவனுக்கு அழுகையைவிட மோசமாக இருந்தது. பையை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கினான். வந்தபோது இருந்ததைவிடப் பை கனத்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

தன் ரிப்பேர் கடைக்குள் வந்து பையைக் கீழே வைத்தான். மேசையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த பிரிண்டர் இருந்தது, அதற்கு மின்சாரம் மட்டும் கொடுத்திருந்தான். கம்ப்யூட்டர் ஒயர் எதுவும் மாட்டவில்லை.

அது ஒரு தாளை இழுத்தது.

தாள் கவிழ்ந்து விழுந்தது. அவன் தொடவில்லை. அதே நேரம் போன் அடித்தது.

"நாலுதான் தம்பி வருது." டீச்சர். "மறுபடியும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. வெட்டினது நான்தானே, எங்க போய்த் தேடுவேன்?"

அவன் தாளைத் திருப்பினான்.

முகம். ஒரு கீறல், ஒரு மைத் திட்டு இல்லாத முழு முகம். நெடுநேரம் நின்று கால் ஓய்ந்துபோனவளின் முகம். அவளுக்குப் பின்னால் அவன் கடையின் பாதி இறக்கிய ஷட்டர்.

"டீச்சர், கிடைச்சிட்டாங்க. முகம் முழுசா வந்திருக்கு. நான் கொண்டாந்து தர்றேன்."

மறுமுனையில் மூச்சு விம்மியது. "சிரிக்கிறாளா தம்பி?"

உள்ளதைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"சிரிக்கிறாங்க டீச்சர்."

பிரிண்டர் அடுத்த தாளை இழுத்தது.

அதில் அவள் இன்னும் கிட்டே வந்திருந்தாள். சிரிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்தபடி ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். அவன் சட்டைத் தோளின்மேல் இரண்டு விரல்கள் இருந்தன.