ஊசி போட்டாச்சு, சோறு எங்கே?

கைபேசி அலறியது.

அது வீரமுத்துவின் கைபேசிதான். ஆனால் அவரை உள்ளே வைத்துத் தாழிட்ட மோட்டார் ரூமுக்கு வெளியே, அண்ணன் மகன் அஜித்குமாரின் கையில் இருந்தது.

"சொல்லுங்க சித்தி... சித்தப்பாவா? கரியாலூர் போயிருக்காரு. அங்கயே சாப்ட்டுக்குறேன்னாரு."

அடப்பாவி!

கச்சிராயபாளையத்துக் கரும்புக் காட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத அறை. கத்தினால் கரும்புக்குத்தான் கேட்கும்.

"டேய், இன்சுலின் ஊசி போட்டுக்கினு சோத்துக்கு உக்காந்தவன்டா நான். மோட்டார் ஓடலன்னு நீதான இட்டாந்த?"

"தெரிஞ்சிதான் இட்டாந்தேன். ஊசி போட்டுட்டு சோறு துன்னலன்னா சுகர் கிடுகிடுன்னு எறங்கிடும். கத்தி வேணாம், விஷம் வேணாம். எனக்கு எழுதின உயிலை நாளைக்கு உங்க பொண்ணு தேவிப்ரியா பேருக்கு மாத்த நீங்க இருக்க மாட்டீங்க."

காலடி ஓசை தேய்ந்தது.

அரை மணி நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்தது. மண்ணை அள்ளித் தின்னலாமா என்கிற அளவுக்குப் பசி.

ஆத்திரத்தில் கதவை உதைத்தார். அடுத்த நொடி, காரணமே இல்லாமல் அழுதார்.

என் பொண்ணு பேர் என்ன? தே... தே...

வரவில்லை. சாவதைவிட அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

தரையில் சரிந்தார். கதவிடுக்கு வெளிச்சத்தில், கண்ணெதிரே ஒரு எறும்பு வரிசை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் போகிறது.

இத்தனை எறும்புக்கு அங்கே என்ன வேலை...?

ஒரு மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது.

குப்புறக் கிடந்தார் வீரமுத்து. அஜித்குமார் குனிந்து, அவர் மூக்கருகே விரலை வைத்தான்.

"தேவிப்ரியா," என்றது பிணம்.

காலை வாரிவிட்டதில் அஜித்குமார் மல்லாந்தான். அவன் சட்டைப் பையிலிருந்த தன் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே பாய்ந்து, தாழ்ப்பாளைப் போட்டார் வீரமுத்து.

உள்ளேயிருந்து கதவு இடிபட்டது.

"எப்டி சித்தப்பா...?"

"நேத்து ஆயுத பூசைக்கு, மோட்டாருக்குப் பொரியும் வெல்லமும் படைச்சது யாருடா? நீதான? எறும்பு மொய்ச்சிக்கினு இருந்துச்சு. தட்டிட்டுத் துன்னேன். கொஞ்ச நேரத்துல எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு... நீ பண்ணதும் சேத்து."

கைபேசி மறுபடி ஒலித்தது. மனைவி கண்ணகி.

"இன்னாங்க, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. சோத்தைக் கட்டிக்கினு, போலீசையும் இட்டுக்கினு மோட்டார் ரூமுக்கு வா."

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"மோட்டார்தான் பட்டினி. பாவம், அதோட பங்கை நான் துன்னுட்டேன்."